இரவல் சாட்சி

மாத்தளை நகரில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியை ஒரு சிங்களப் பெண்மணி. அவருடைய கணவர் பாஸ்டர். இரத்தோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் சின்னதாக ஒரு ஜெபக்கூடம் நடத்துகிறார். மேலே தேயிலைத் தோட்டங்களிலிருந்து தமிழ்ச் சனங்களும் வருவார்கள். பாஸ்டருக்குத் தமிழ் வராது. அவர் சிங்களத்தில் பேச, ஒரு பொடியன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கும்வரை இரண்டு ஞாயிறு வந்து உதவ முடியுமா என்று அந்த ஆசிரியை என்னைக் கேட்டார். நான் கத்தோலிக்கப் பெண். அதைச் சொன்னேன். மொழிபெயர்க்கத்தானே கூப்பிடுகிறேன் என்றார்.

இரண்டு ஞாயிறு ஒன்பது மாதமாகிவிட்டது. காலையில் எங்கள் கோயிலில் பூசை கண்டுவிட்டு, வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, மதியம் இரத்தோட்டை பஸ் ஏறுவேன். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. ஆனால் நான் திரும்பி வரும்போது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

போன புதிதில் ஒரு நாள் பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஆசிரியை, நீங்கள் இரட்சிக்கப்பட்டவரா என்று கேட்டார். பிறந்த சில நாளிலேயே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள் என்றேன். அதைக் கேட்கவில்லை என்றார். எனக்கு விளங்கவில்லை. எங்கள் கோயிலில் மீட்பு என்போம். ஜெபக்கூடத்துத் தமிழர்கள் இரட்சிப்பு என்பார்கள். பாஸ்டர் சிங்களத்தில் 'கெலவீம' என்பார். அந்தச் சொல்லை நான் வகுப்பில் படிப்பிக்கும்போது, கட்டுகளிலிருந்து கழன்று வருவது என்று பொருள் சொல்வேன். மூன்றும் ஒன்றுதான் என்று வாயால் மாற்றி மாற்றிச் சொன்னேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் மூன்றும் மூன்று ஊர்களின் பெயர் மாதிரி இருந்தன. அதில் எந்த ஊரில் நான் இருக்கிறேன் என்று தெரியவில்லை.

மொழிபெயர்க்கிற வேலையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'பாஸ்டர் பாவம் செய்தாராம்' என்று சொல்ல முடியாது. ஒன்பது மாதத்தில் நான் எத்தனை தடவை பாவம் செய்து, அழுது, மனம் திரும்பியிருப்பேன் என்று கணக்கில்லை. எல்லாம் என் வாயிலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் ஒன்றுமில்லை.

மழை தொடங்கிய ஒரு ஞாயிறு, பாஸ்டர் பைபிளில் வரும் பிறவிக் குருடனின் கதையை எடுத்தார். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட கதைதான். இவன் குருடாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். ஆண்டவர் துப்பலில் மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசி, போய்க் கழுவு என்கிறார். அவன் பார்வையோடு திரும்பி வருகிறான். வேதம் படித்தவர்கள் அவனை மறித்து மறித்து விசாரிக்கிறார்கள், கடைசியில் விரட்டிவிடுகிறார்கள். எங்களையும் குருடர் என்கிறாயா என்று அவர்கள் கேட்டபோது ஆண்டவர் சொன்ன பதில்தான் எப்போதும் எனக்குச் சிக்கல். குருடராக இருந்தால் உங்கள்மேல் குற்றம் இருந்திருக்காது, பார்க்கிறோம் என்று சொல்கிறீர்களே, அதனால்தான் குற்றம் அப்படியே நிற்கிறது என்பது போல ஒரு பதில். அதை மொழிபெயர்க்கும்போது எனக்கு நாக்கு இடறியது. பார்க்கிறேன் என்றால் குருடு. குருடு என்று ஒப்புக்கொண்டால் பார்வை. அப்படியானால் நான் என்ன சொல்ல வேண்டும்?

பாஸ்டர் அங்கே நிற்காமல் தன் சாட்சிக்கு, தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததைச் சொல்வதற்குப் போனார். அவருடைய ஊரான பல்லேபொலவில் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பக்கத்துப் பக்கத்து வளவு. இரண்டுக்கும் நடுவே வேலி. வேலி மரங்களில் படர்ந்த மிளகுக் கொடி யாருடையது என்று தொடங்கிய சண்டை. பதினொரு வருடம் பேச்சு இல்லை. அண்ணன் செத்துப்போனார். சாவு வீட்டுக்குப் போகும் பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. இவர் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் படுத்திருந்தார். ஒன்றையும் பார்க்கவில்லை. என் கண் அன்றைக்குக் குருடாக இருந்தது, ஆண்டவர்தான் பிறகு அதைத் திறந்தார் என்று முடித்தார். நானும் வரிக்கு வரி 'நான்' என்றே சொல்லி முடித்தேன். நாலைந்து பேர் அழுதார்கள். கூடம் நிரம்பி, மாடிப்படி வரை சனம் இருந்தது. படியில் இருந்தவர்களுக்கு எங்கள் முகம் தெரியாது. ஸ்பீக்கரில் குரல் மட்டும்.

மூன்று வாரம் கழித்து, கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்தார். ஐம்பது வயது இருக்கும். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். மேலே ஒரு தோட்டத்திலிருந்து வருகிறேன் என்றார். அந்த மழை நாளில்தான் முதல் தடவை வந்தாராம், படியில் உட்கார்ந்திருந்தாராம். சிங்களம் அவ்வளவாக விளங்காது, உங்கள் தமிழ்க் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார்.

"டீச்சர், நீங்க ஒங்க அண்ணனப் பத்திச் சொன்னீங்களே," என்றார். "அன்னைக்கே போயி என் தங்கச்சி கதவத் தட்டிட்டேன்."

நடந்ததை அவர் கடைவாசலில், சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். ஒரே லயத்தில், வரிசையாக இருக்கும் அறைகளில், பக்கத்துப் பக்கத்துக் காம்பிராவில் அக்காவும் தங்கையும். பல வருடங்களுக்கு முன் அக்கா வேலைக்குப் போன நேரம், தங்கையின் பொறுப்பில் விட்டிருந்த குழந்தையின் கையில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது. அந்தக் குழந்தை இன்றைக்கு வளர்ந்து கட்டுநாயக்கவில் கார்மென்ட்டில் வேலை செய்கிறது. கையில் தழும்பு இருக்கிறது, ஆனால் அந்தப் பிள்ளை சித்தியோடு ஃபோனில் பேசும். பேசாதவர் அக்காதான். இடையில் தங்கைக்கு ஒரு பிள்ளை செத்துப் பிறந்தது.

"செவுரு ஒண்ணுதானே டீச்சர். அவ அழுதது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் கொழுந்துக்குப் போயிட்டேன், எனக்குத் தெரியாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நீங்க அன்னைக்கு ஒரு வார்த்த சொன்னீங்க. 'எல்லாரும் நான் பாக்கலன்னு நெனச்சாங்க, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்'னு. அது நேரா என்னயத்தான் கேட்டுச்சு."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரிதான். அது என் கதை இல்லை, பாஸ்டரின் கதை, நான் வெறும் வாய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாத்தளை பஸ் புறப்படப் போகிறது என்று காரணம் வைத்துக்கொண்டேன். உண்மையில் அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை இழக்க எனக்கு மனமில்லை. யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நல்லது அக்கா, சந்தோசம் என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில்தான் இன்னொன்று உறைத்தது. அவர் சொன்ன அந்த வார்த்தை எனக்கு ஞாபகமே இல்லை. பாஸ்டர் ஒன்றையும் பார்க்கவில்லை என்றல்லவா சொன்னார்?

பாஸ்டரின் மனைவி எல்லாப் பிரசங்கத்தையும் ஃபோனில் பதிவு செய்து வைப்பார். மறுநாள் பாடசாலை இடைவேளையில் அந்த நாளின் பதிவைக் கேட்டு வாங்கினேன். ஏன் என்று சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் ஒரு மூலையில் காதில் வைத்துக் கேட்டேன். பாஸ்டர் சிங்களத்தில், அறைக்குள் படுத்திருந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை என்கிறார். என் குரல் அதைத் தமிழில் சொல்கிறது. பிறகு அவர் பேசாமல் நிற்கிறார். மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த இடைவெளியில் என் குரல் தானாகவே தொடர்கிறது. எல்லாரும் நான் பாக்கலன்னு நெனச்சாங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு பாஸ்டர் தொடங்குகிறார், நானும் அவர் பின்னால் போகிறேன்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சொல்லவே இல்லை. மொழிபெயர்க்கிறவர்களுக்கு மௌனம் பயம். பேசுகிறவர் நிறுத்தினால், எதையோ விட்டுவிட்டோமோ என்று வாய் எதையாவது போட்டு நிரப்பும். அப்படித்தான் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் நிரப்புவதற்கு அந்த வரி எங்கிருந்து கிடைத்தது? எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார், கொழும்பில். வாரம் ஒரு தடவை ஃபோன் பேசுவோம். சண்டை என்று ஒன்றுமே இல்லை. நான் யாரை, எதைப் பார்த்துக்கொண்டே பார்க்காத மாதிரி இருந்தேன் என்று நாள் கணக்காக யோசித்தேன். சின்னச் சின்னதாகப் பல வந்தன. பெரிதாக ஒன்றும் வரவில்லை. பெரிதாக ஒன்று வராததே எனக்குப் பயமாக இருந்தது. பார்க்கிறேன் என்று சொல்கிறவர்களைப் பற்றித்தானே அந்தக் கதை.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லாத ஒரு வரியை உங்கள் சாட்சியில் சேர்த்துவிட்டேன், தெரியாமல் நடந்தது, மன்னியுங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்தபடி என்ன வரி என்றார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், கையிலிருந்த கதிரையை வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தார்.

இதை யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். என் மனைவி சொன்னாளா என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. பிறகு நம்பினார் என்று நினைக்கிறேன். அவர் மெதுவாகச் சொன்னது இதுதான்: அன்றைக்கு அவர் படுத்திருக்கவில்லை. ஜன்னல் பலகை இடுக்கு வழியாகக் காலையிலிருந்து சவப்பெட்டி எடுக்கும்வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். குருடாக இருந்தேன் என்று இத்தனை வருடம் சாட்சி சொன்னது, அப்படிச் சொன்னால் மனதுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்ததால்தான்.

ஜன்னல் இருக்கிற வீட்டில் யாராக இருந்தாலும் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள், அது யாருக்கும் தோன்றக்கூடியது என்று சொல்ல நினைத்தேன். அந்த மழை நாளில் அவர் பேசாமல் நின்ற இடைவெளியில் அவருடைய கை பலகையை விலக்குவது மாதிரி அசைந்து, அதை நான் பார்த்திருக்கலாம். ஃபோன் பதிவில் கை தெரியாது. பரிசுத்த ஆவியானவர்தான் அந்த வரியை என் வாயில் வைத்தார் என்று ஜெபக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அதைச் சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம்.

அன்று கூட்டத்தில் தன் பிரசங்கத்தை அவர் தொடங்கவே இல்லை. எழுந்து நின்று, போன மாதம் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஜன்னல் இடுக்கைப் பற்றிச் சொன்னார். பெட்டி தூக்க வந்தவர்களில் ஒரு ஆள் குறைந்து, கடைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்ததை இடுக்கு வழியாகப் பார்த்ததைச் சொன்னார். அடுத்த வரி சிங்களத்தில் வந்தது. நான் யோசிக்காமல் தமிழில் சொன்னேன்.

"என் மனைவி வந்து கேட்டா, அந்த நாலாவது ஆளா நீங்க போங்களேன்னு. எனக்குத் தலையிடின்னு சொன்னேன்."

அந்தத் தோட்டத்துப் பெண் இந்தத் தடவை முன் வரிசையில் இருந்தார். 'என் மனைவி' என்ற சொல்லில் அவர் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தார், பிறகு பாஸ்டரைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். நான் நிறுத்த முடியாது. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இன்னும் கால்மணி நேரம் 'நான்', 'நான்' என்று சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் இரண்டு குடும்பத்தார் பாஸ்டரிடம் பேசாமலே இறங்கிப் போனார்கள். பிறகு அவர்கள் வரவேயில்லை. அந்தப் பெண் போகவில்லை. சனம் கலையும்வரை கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்ப அது ஒங்க கத இல்லியா டீச்சர்?"

"இல்லக்கா. பாஸ்டர் சொல்றத நான் தமிழ்ல சொல்றேன். அவ்வளவுதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஒங்களுக்கு அண்ணன் இல்லியா?"

"இருக்காரு. நல்லா இருக்காரு."

"செத்துட்டாருன்னு நெனச்சு, தெனமும் காலையில கொழுந்துக்குப் போறப்ப ஒங்களுக்காக ஜெபம் பண்ணினேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு பொருளைத் தவறான வீட்டில் கொடுத்துவிட்டவர் மாதிரி சொன்னார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்ற அந்த வார்த்தையை மட்டும் நான்தான் சொன்னேன், பாஸ்டர் அன்றைக்குச் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. அப்படியென்றால் அதைச் சொன்னது யார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று பாஸ்டரிடம் அவரே வந்து சொன்னார். என்னைத்தான் மொழிபெயர்க்கச் சொன்னார். கடைவாசலில் பேசிய அன்றே, ஒரு நாள் நான் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் இறங்கும்போது நீங்கள்தான் என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று என்னிடம் கேட்டு வைத்திருந்தார். அதைப் பற்றி இப்போது ஒன்றும் பேசவில்லை.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலை, இரத்தோட்டைக்குக் கீழே ஒரு ஆற்றில் ஞானஸ்நானம். தண்ணீர் இடுப்பளவு, நல்ல குளிர். ஏழெட்டுப் பேர் வந்திருந்தோம். அந்தப் பெண் தன் தங்கையைக் கூட்டி வந்திருந்தார். அன்றைக்குத்தான் தங்கையை முதல் தடவை பார்த்தேன். நெற்றியில் விபூதி, குங்குமம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு வருடம்கூடத் தவறாமல் பால்குடம் எடுக்கிறவர் என்று அக்கா சொல்லியிருந்தார். கையில் துவாயும் மாற்றுச் சேலையும் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறை ஓரத்தில் நின்றார்.

பாஸ்டரும் அந்தப் பெண்ணும் தண்ணீரில் நின்றார்கள். பாஸ்டர் கேட்கிற கேள்விகளை நான் கரையில் நின்று உரக்கத் தமிழில் கேட்க, அவர் அங்கிருந்து பதில் சொன்னார். உன் பாவத்தை ஒப்புக்கொள்கிறாயா, ஆண்டவரை உன் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறாயா என்று பாஸ்டர் கேட்டார். ஆமாங்க என்றார். ஒவ்வொரு தடவையும் பாஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. அவர் மூழ்கி எழுந்தபோது மூச்சுத் திணறி, கையை நீட்டினார். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் தங்கை சேலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். துவாயை அக்காவின் தலையில் போட்டு, தோளைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் தேவைப்படவில்லை என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

பிறகு பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பார்சல் சாப்பிட்டோம். பாஸ்டரின் மனைவி எல்லாருக்கும் பிளாஸ்டிக் கோப்பையில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். தங்கை சாப்பிடாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஈரச் சேலை பாறையில் தண்ணீர் விட்டது.

"டீச்சர், ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும். அக்கா இப்ப மோட்சத்துக்குப் போவா, இல்லியா? நான் தண்ணியில எறங்கலயே. அவள ஏத்தத்தான் எறங்கினேன். அப்ப செத்தப்புறம் நாங்க ரெண்டு பேரும் வேற வேற எடமா?"

அக்கா சோற்றில் கையை வைத்தபடி நிறுத்திவிட்டார். நான் அதைச் சிங்களத்தில் பாஸ்டரிடம் கேட்டேன். அவர் ஆற்றைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஒன்றிரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். இரட்சிக்கப்படாதவர்களுக்கு மோட்சம் இல்லை என்றுதான் அவருடைய படிப்பு சொல்லும் என்று எனக்குத் தெரியும், ஒன்பது மாதம் அதைத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் வேறு மாதிரிச் சொல்வார், அதுவும் தெரியும். எது சரி என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் வாயைத் திறந்து மூடியிருப்பேன்.

கடைசியில் பாஸ்டர், அவரை அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள், இருந்து பேசுவோம் என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

தங்கை தலையை ஆட்டினார். "ஞாயித்துக்கெழம கைக்காசு போடுறாங்க டீச்சர், கொழுந்து கூட இருக்கு. பாப்போம்," என்றார். கைக்காசு என்றால் தோட்டத்தில் லீவு நாளில் பறிக்கிற கொழுந்துக்கு அன்றன்றைக்கே கிடைக்கும் கூலி. அக்கா தன் பார்சலில் இருந்த முட்டையைப் பாதியாகப் பிட்டுத் தங்கையின் இலையில் வைத்தார்.

மேலே போகிற பஸ் வந்தபோது இருவரும் சேர்ந்து ஏறினார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். அக்காவின் ஈரத் தலையில் துவாய் இன்னும் சுற்றியிருந்தது. தங்கை ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினார். அக்கா காட்டவில்லை, ஆனால் பஸ் திரும்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் குனிந்து பொறுக்கினேன்.